மலையைக் கரைத்தது யார்?

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தில், சியரா நெவாடா மலைக் காட்டுக்குள், மாலகாஃப் டிகின்ஸ் என்று ஓர் இடம் இருக்கிறது. மாநில சர்க்காரின் பூங்கா அது. பூங்கா என்றதும் நாலு பெஞ்சியும் ஒரு ரேடியோக் கம்பமும் என்று நினைத்துவிட வேண்டாம். 3000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு. வானை முட்டும் பைன் மரங்கள். கரடியும் மானும் திரியும் மலை.

கோடை காலத்தில் நகரத்து ஜனங்கள் காரின் மேல் கூடாரத்தைக் கட்டிக் கொண்டு அங்கே வருகிறார்கள். கூடாரம் அடிப்பதற்கென்றே மேட்டில் சுமார் 30 இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். மரத்தடியில் படுக்கை, அடுப்பு மூட்டிச் சமையல், இரவில் நட்சத்திரம் எண்ணுதல். குழந்தைகள் ஓடையில் இறங்கித் தட்டு வைத்துத் தங்கம் அரித்து விளையாடுகிறார்கள். பக்கத்திலே நார்த் புளூம்பீல்டு என்ற பழைய சுரங்க ஊர். அங்கே அந்தக் காலத்துக் கடையும் வீடும் மியூசியமும் பார்த்துவிட்டுப் படம் பிடித்துக் கொண்டு வீடு திரும்புகிறார்கள்.

காட்டில் கூடாரம் அடித்து இரண்டு நாள் ஓய்வெடுப்பதில் நமக்கென்ன விரோதம்? ஒரு விரோதமும் இல்லை. உழைக்கிற மனிதனுக்கு ஓய்வு வேண்டும். அவன் பெண்டு பிள்ளைகளுக்கு நல்ல காற்று வேண்டும். நம் விரோதமெல்லாம் அந்தக் கூடாரத்துக்கு முன்னால் நெருப்பு மூட்டி உட்கார்ந்து சொல்லப்படுகிற கதையோடுதான்.

கதை இதுதான். 1848ல் கலிபோர்னியாவில் தங்கம் அகப்பட்டது. உலகத்தின் நாலா பக்கத்திலிருந்தும் துணிச்சல்காரர்கள் ஓடி வந்தார்கள். கையிலே ஒரு மண்வெட்டி, ஒரு தட்டு. வேறு மூலதனம் இல்லை. உழைத்தவன் குபேரன் ஆனான். சோம்பேறி ஏழையாகவே போனான். ஆகவே, ஏழையாக இருப்பது அவனவன் குற்றம்!

கதை எங்கே போய் முடிகிறது பார்த்தீர்களா? முதலாளித்துவம் தன் பிள்ளைகளைத் தூங்க வைக்கப் பாடுகிற தாலாட்டு இது. சினிமாவில் இதைத்தான் காட்டினார்கள். பள்ளிப் புத்தகத்தில் இதைத்தான் எழுதினார்கள். கேட்கிறவன் தூங்கிவிட்டால் மூன்று கேள்வி கேட்க மாட்டான். அந்த மூன்று கேள்வியையும் நாம் கேட்போம். அந்த மண் யாருடையது? அதை வெட்டியது யார்? வெட்டிய மண் யார் வயலில் போய் விழுந்தது?

தட்டு எத்தனை நாளைக்கு?

கதையிலே ஓர் உண்மை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. 1848 ஜனவரி 24ந் தேதி கொலோமா என்ற இடத்தில், மரம் அறுக்கும் மில்லுக்கு வாய்க்கால் வெட்டும்போது, ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கண்ணில் தங்கம் பட்டது. முதல் சில வருஷங்கள் ஆற்று மணலின் மேலாகவே தங்கம் கிடந்தது. தட்டில் மணலை அள்ளித் தண்ணீரில் சுழற்றினால், மணல் போகும், கனத்த தங்கம் அடியில் தங்கும். அப்படி அரித்துச் சம்பாதித்தவர்கள் இருந்தார்கள்.

ஆனால் மேலாகக் கிடந்தது எத்தனை நாளைக்கு வரும்? சில வருஷத்தில் தீர்ந்தது. மிச்சத் தங்கமெல்லாம், பல கோடி வருஷங்களுக்கு முன் ஓடி மறைந்த பழைய ஆறுகளின் சரளை மண்ணில், நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில் தூள் தூளாகக் கலந்து கிடந்தது. தட்டைக் கொண்டு மலையை அரிக்க முடியுமா?

1853ல் எட்வர்டு மாட்டிசன் என்பவர் நெவாடா சிட்டி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு வழி கண்டார். உயரத்திலிருந்து தண்ணீரைக் குழாயில் இறக்கி, குறுகிய வாய் வழியாக மலைமேல் பீய்ச்சுவது. பீய்ச்சினால் மலை கரையும். இந்தச் சின்ன யுக்தி வளர்ந்து வளர்ந்து இரும்புத் தண்ணீர்ப் பீரங்கியானது. அதன் வேகத்துக்கு முன்னால் மனிதன் நின்றால் உயிர் போகும். பாறை நின்றால் புரண்டு போகும்.

தண்ணீர்ப் பீரங்கி வந்ததும் தட்டுக்காரன் கதை முடிந்தது. ஏன்? பீரங்கிக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீருக்கு மலை உச்சியில் அணை வேண்டும். அணையிலிருந்து மைல் கணக்கில் கால்வாய் வேண்டும். அதற்கெல்லாம் லட்சக்கணக்கில் பணம் வேண்டும். தட்டு வைத்திருந்தவனிடம் அது ஏது?

பணம் சான்பிரான்சிஸ்கோவில் இருந்தது. 1866ல் அந்த நகரத்துப் பணக்காரர்கள் நார்த் புளூம்பீல்டு சரளைச் சுரங்கக் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 40 மைலுக்கு மேல் நீண்ட பிரதானக் கால்வாயை மலை விளிம்பில் வெட்டினார்கள். கரைத்த சேறு வெளியேற, சுமார் 8000 அடி நீளத்துக்குப் பாறையைக் குடைந்து 1874ல் சுரங்க வாய்க்கால் போட்டார்கள். அணையிலிருந்து சுரங்கத்துக்குச் செய்தி சொல்ல 1878ல் 60 மைல் நீளத்துக்கு டெலிபோன் கம்பி இழுத்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே அத்தனை நீளமான டெலிபோன் கம்பி அபூர்வம். மலைக்கு மின்சார விளக்கும் போட்டார்கள். ஜனங்கள் படிப்பதற்கா? இல்லை. இரவிலும் மலையைக் கரைப்பதற்கு!

ஆலைத் தோழர்களே, இது என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. நைட் ஷிப்டு! விளக்கு வந்ததும் சூரியன் மறைவது நின்றுபோகிறது. முதலாளிக்கு இருட்டு இல்லாமல் போகிறது, தொழிலாளிக்குத் தூக்கம் இல்லாமல் போகிறது. சொந்தத் தட்டோடு மலையேறி வந்த துணிச்சல்காரன், தண்ணீர்ப் பீரங்கியின் பின்னால் தினக்கூலியாக நின்றான். லாபம் ஷேர் வைத்திருந்தவனுக்குப் போனது. ஷேர் வைத்திருந்தவன் மலையைப் பார்த்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

கோலார் தங்கவயலில் பூமிக்குள் இறங்கிப் பாறையை உடைத்தார்கள் நம் ஜனங்கள். இங்கே உள்ளே இறங்கவில்லை. மலையையே வெளியே கொண்டு வந்துவிட்டார்கள். இன்று கூடாரக்காரர்கள் விளிம்பில் நின்று, சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகத் தெரியும் செங்குத்துச் சரிவுகளைப் பார்த்து, “ஆகா, என்ன இயற்கை அழகு!” என்கிறார்கள். இயற்கை எங்கே செய்தது? 7000 அடி நீளம், 3000 அடி அகலம், தோண்டிய காலத்தில் 600 அடி வரை ஆழம். இது கம்பெனி செய்த புண். ஆறாத புண்ணின் நிறத்தைத்தான் படம் பிடித்துக் கொண்டு போகிறார்கள்.

மண் யாருடையது?

துணிச்சல்காரர்கள் வந்தபோது அந்த மலை காலியாகக் கிடந்ததா? நிசேனான் என்ற மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தார்கள். கருவாலிக் கொட்டையை இடித்து மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். ஆற்றில் மீன் பிடித்தார்கள். தங்கத்தை அவர்கள் தேடவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவில்லை.

தங்கம் அகப்பட்ட ஒன்பதாம் நாள், 1848 பிப்ரவரி 2ந் தேதி, தோற்றுப்போன மெக்சிகோவிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கி, அமெரிக்கா கலிபோர்னியாவை எடுத்துக் கொண்டது. கொடுத்தவனும் எடுத்தவனும் நிசேனான் மக்களைக் கேட்கவில்லை. வீட்டில் குடியிருப்பவனைக் கேட்காமல் வெளியூரில் இரண்டு பேர் வீட்டுக் கிரயம் முடித்தார்கள்!

பிறகு சட்டம் வந்தது. 1850ல் கலிபோர்னியா சட்டசபை ஒரு சட்டம் செய்தது. அதன் பெயர் ‘இந்தியர்களின் நிர்வாகத்துக்கும் பாதுகாப்புக்கும்’ உரிய சட்டமாம். அமெரிக்கப் பூர்வகுடிகளை அங்கே இந்தியர் என்று அழைத்தார்கள். பாதுகாப்பு என்றால் என்ன? வேலையில்லாமல் திரிகிறான் என்று வெள்ளையன் புகார் சொன்னால் பூர்வகுடியைப் பிடித்து, யார் அதிகம் கேட்கிறானோ அவனிடம் நாலு மாதம் வரை வேலைக்கு ஏலம் விடலாம். குழந்தைகளைப் பண்ணைக்காரன் தன் பொறுப்பில் ‘வளர்க்கலாம்’. அதாவது, கூலியில்லாமல் வேலை வாங்கலாம். காலம் காலமாகப் பண்ணையடிமைத்தனத்தை அறிந்த நம் விவசாயத் தொழிலாளத் தோழர்களுக்கு இந்தப் ‘பாதுகாப்பு’ நன்றாகப் புரியும்.

1851 ஜனவரியில் மாநில கவர்னர் பீட்டர் பர்னெட் சட்டசபைக்கு அனுப்பிய செய்தியில், பூர்வகுடி இனம் அற்றுப்போகும் வரை யுத்தம் நடந்தே தீரும் என்று எழுதினார். ரகசியக் கடிதமல்ல, பகிரங்க செய்தி! அந்த யுத்தத்துக்கு ஆள் திரட்டி அனுப்ப மாநில சர்க்கார் 10 லட்சம் டாலருக்கு மேல் செலவழித்தது. 1851லும் 1852லும் பூர்வகுடிகளோடு 18 ஒப்பந்தங்கள் எழுதி, இத்தனை நிலம் உங்களுக்கு என்று ஒப்புக் கொண்டார்கள். அமெரிக்க செனட் சபை 1852ல் அவற்றை நிராகரித்தது. காகிதத்தை 1905 வரை ரகசியமாகப் பூட்டி வைத்தது.

பலன் என்ன? தங்கம் அகப்பட்டபோது கலிபோர்னியாவில் பூர்வகுடிகள் சுமார் 1,50,000 பேர். சுமார் 20 வருஷம் கழித்து மிஞ்சியது சுமார் 30,000 பேர். சிலரைத் துப்பாக்கி கொன்றது. பலரை வியாதியும் பட்டினியும் கொன்றன. வியாதி தானாக வந்தது என்பார்கள். காட்டை வெட்டி, மீனை அழித்து, ஊரை விட்டு விரட்டி, பட்டினி போட்ட பிறகு வந்த வியாதி தானாக வந்த வியாதியா?

2019ல் கலிபோர்னியா கவர்னர் இது இனப்படுகொலைதான் என்று ஒப்புக் கொண்டு மன்னிப்புக் கேட்டார். நல்லது. ஆனால் நெவாடா சிட்டிப் பக்கத்து நிசேனான் மக்களுக்கென்று 1913ல் ஒதுக்கிய சிறு குடியிருப்பைக்கூட மத்திய சர்க்கார் 1964ல் ஒழித்து, அவர்களைத் தனி மக்களாக அங்கீகரித்ததையும் ரத்து செய்தது. அதை மீட்கத் தலைமுறை தாண்டியும் அவர்கள் மன்றாட வேண்டியிருந்தது. மன்னிப்பு நாக்கிலிருந்து வருகிறது; நிலம் பத்திரத்திலிருந்து வர வேண்டும்.

கூலிக்காரனைப் பிரித்தது யார்?

அடுத்த கேள்விக்கு வருவோம். அந்தக் கால்வாய்களை வெட்டியது யார்? பாறையைக் குடைந்தது யார்? அயர்லாந்துக்காரனும், இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கத்துச் சுரங்கத் தொழிலாளியும், தெற்குச் சீனாவிலிருந்து கப்பலேறி வந்த விவசாயி மகனும் வெட்டினார்கள். நார்த் புளூம்பீல்டு ஊரில் சீனத் தொழிலாளிகள் தனியாகக் குடியிருந்தார்கள். வேலை ஒன்றுதான், ஆனால் சீனனுக்குக் கூலி குறைவு.

கூலி மட்டுமா குறைவு? 1850ல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளி மாதம் 20 டாலர் வரி கட்ட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மெக்சிகோக்காரர்களும் சிலி நாட்டுக்காரர்களும் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். அடுத்த வருஷம் அந்த வரியை எடுத்துவிட்டு, 1852ல் மாதம் 3 டாலர் என்று மறுபடி போட்டார்கள். இது பெரும்பாலும் சீனர் தலையில் விழுந்தது. தட்டு ஒன்றே மூலதனம் என்கிற கதையில் இந்த வரி ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா?

1853ல் இதே நெவாடா ஜில்லாவில் லிங் சிங் என்ற சீனச் சுரங்கத் தொழிலாளியை ஜார்ஜ் ஹால் என்ற வெள்ளையன் சுட்டுக் கொன்றான். கண்ணால் பார்த்த சீனர்கள் சாட்சி சொன்னார்கள். ஜூரி குற்றவாளி என்றது. தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. 1854ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. காரணம்? கறுப்பரும் பூர்வகுடியும் வெள்ளையனுக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்ததாம். அந்தச் சட்டம் சீனருக்கும் பொருந்துமாம். ஆகவே, சீனனைக் கொன்ற வெள்ளையனைச் சீனன் பார்த்தால் அது பார்த்ததாகாது! இதற்குப் பெயர் நியாயஸ்தலம்.

இதைவிட வேதனையான விஷயம் ஒன்று உண்டு. 1877ல் சான்பிரான்சிஸ்கோவில் வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியபோது, டெனிஸ் கியர்னி என்பவர் தலைமையில் தொழிலாளர் கட்சி ஒன்று கிளம்பியது. அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்தான் அவரும். ரயில்வே முதலாளிகளைத் திட்டினார்கள், சரிதான். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம், சீனன் வெளியேற வேண்டும் என்பதே முடிவான கோஷமாயிற்று. 1882ல் சீனத் தொழிலாளி நுழையத் தடைச் சட்டம் வந்தது. 1943 வரை அது நீடித்தது. வெள்ளைத் தொழிலாளிக்கு அதனால் கூலி உயர்ந்ததா? சுரங்கத்தில் அவனுக்குப் பங்கு கிடைத்ததா? தன் பக்கத்தில் நின்றவனை விரட்டிவிட்டு, முதலாளிக்கு எதிரில் தனியாக நின்றான். அவ்வளவுதான் பலன்.

சாதியைச் சொல்லிப் பிரித்தாலும், பாஷையைச் சொல்லிப் பிரித்தாலும், தோலின் நிறத்தைச் சொல்லிப் பிரித்தாலும், பிரிக்கிற கை ஒன்றுதான். அந்தக் கையில்தான் சம்பளப் பட்டியலும் இருக்கிறது.

சேறு யார் வயலில் விழுந்தது?

மலையைக் கரைத்தார்களே, கரைந்த மலை எங்கே போயிற்று? தங்கம் வடிகட்டிய பிறகு மிஞ்சிய சேறும் சரளையும் யூபா ஆற்றில் போயிற்று. யூபா ஆறு கீழே சமவெளிக்கு வந்து, மேரிஸ்வில் என்ற ஊர் அருகே இன்னொரு ஆற்றில் கலந்து, சேக்ரமண்டோ ஆற்றின் வழியாகச் சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவுக்குப் போகிறது. அந்த வழி நெடுக விவசாய பூமி. கோதுமையும் பழத்தோட்டமும் விளைந்த பூமி.

சேறு ஆற்றுப் படுகையை மேடாக்கியது. படுகை ஊர்த் தெருவைவிட உயர்ந்தது. கரையைக் கட்டினார்கள், சேறும் கூடவே உயர்ந்தது. 1875 ஜனவரியில் கரை உடைந்து மேரிஸ்வில் ஊரே வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் வடிந்தால் வயல் திரும்புமா? வயல்மேல் விளையாத சரளை மண் படுத்துக் கிடந்தது. சியரா மலையில் தண்ணீர்ப் பீரங்கிகள் கரைத்துத் தள்ளிய மண் 100 கோடி கன கெஜத்துக்கு மேல் என்று பிற்காலத்தில் சர்க்கார் நிபுணரே கணக்கிட்டார்.

‘அந்தக் காலத்தில் தெரியாமல் செய்துவிட்டார்கள்’ என்று சிலர் வக்காலத்து வாங்குகிறார்கள். தெரியாதா? 1875ல் ஊர் மூழ்கியது. கம்பெனிகளுக்குத் தெரிந்ததால்தான் 1876லேயே சுரங்க முதலாளிகள் தங்களைக் காத்துக் கொள்ளச் சங்கம் வைத்தார்கள். 1878ல் விவசாயிகள் எதிர்ச் சங்கம் வைத்தார்கள். அப்புறமும் பீரங்கி நிற்கவில்லை. தெரியாமல் செய்தது பிழை. தெரிந்தும் லாபத்துக்காகத் தொடர்ந்தது குற்றம்.

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு விவசாயி பல கம்பெனிகளை ஒரே வழக்கில் சேர்த்து வழக்குப் போட்டார். 1879ல் மாநில சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிற்று? கம்பெனிகள் தனித்தனியாகச் சேறு விடுகிறார்கள். அவர்களை ஒன்றாகச் சேர்த்து வழக்குப் போட முடியாது என்றது. அதாவது, தன் வயலில் கிடக்கும் சேற்றில் எந்தப் பிடி எந்தக் கம்பெனியுடையது என்று விவசாயி பொறுக்கிப் பிரித்துக் கொண்டு வர வேண்டும்! கொள்ளையடிக்கும்போது ஒன்றாகச் சேர்ந்தவர்கள், குற்றவாளிக் கூண்டு என்றதும் தனித்தனி ஆளாகிவிட்டார்கள்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை நாம் கண் திறந்து பார்க்க வேண்டும். மலை ஊர்களில் சுரங்கத் தொழிலாளி எந்தப் பக்கம் நின்றான்? பெரும்பாலும் கம்பெனிப் பக்கம் நின்றான். சுரங்கம் மூடினால் உன் சோறு போய்விடும் என்று கம்பெனி சொன்னது. அவன் வயிறு அதை நம்பியது. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? கீழே விவசாயி, மேலே சுரங்கத் தொழிலாளி; இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரோதியாகப் பார்த்தார்கள். நடுவில் நின்ற கம்பெனி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தது.

முடிவில் மேரிஸ்வில்லில் சொத்து வைத்திருந்த எட்வர்ட்ஸ் உட்ரஃப் என்பவர் நார்த் புளூம்பீல்டு கம்பெனிமேல் மத்திய கோர்ட்டில் வழக்குப் போட்டார். 1884 ஜனவரி 7ந் தேதி நீதிபதி லொரென்சோ சாயர், ஆற்றில் சேறு விடக் கூடாது என்று நிரந்தரத் தடை போட்டார். சேறு விடாமல் மலையைக் கரைக்க முடியாது. பீரங்கி நின்றது.

நீதி தேவதை திடீரென்று கண் விழித்தாள் என்று ஏமாற வேண்டாம். வருஷக்கணக்கில் விவசாயிகள் கூடிப் பேசினார்கள், பணம் திரட்டினார்கள், சாட்சி சேர்த்தார்கள். அதற்குள் கோதுமை வியாபாரம் தங்கத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருந்தது. அதனால் அவர்கள் குரலுக்குக் கனம் கூடியிருந்தது. அப்படியும் அந்த வழக்கில் நிலச்சொந்தக்காரன் பெயர்தான் இருக்கிறது. சேறு மூடிய பண்ணையில் கூலி வேலை இழந்தவன் பெயர் இல்லை. சுரங்கம் மூடியதும் நடுத்தெருவில் நின்ற தொழிலாளி பெயரும் இல்லை. தொழிலாளியும் விவசாயியும் முதலிலேயே கை கோத்திருந்தால், மண்ணையும் காப்பாற்றியிருக்கலாம், வேலைக்கு ஈடும் வாங்கியிருக்கலாம். கை கோக்காததால் கம்பெனி லாபத்தோடு போயிற்று.

போகாத விஷம்

கம்பெனி போயிற்று. அது விட்டுச் சென்ற விஷம் போகவில்லை. தங்கத் தூளைப் பிடிக்கப் பாதரசம் போடுவார்கள். மரத் தொட்டி வாய்க்காலின் அடியில் பாதரசத்தை ஊற்றிச் சேற்றை ஓட விட்டால், தங்கம் பாதரசத்தோடு ஒட்டிக் கொள்ளும். ஆனால் பாதரசமும் சேற்றோடு ஓடும். கலிபோர்னியாவில் இப்படி ஆற்றிலும் மண்ணிலும் கலந்துபோன பாதரசம் சுமார் 1 கோடி பவுண்டு, அதாவது சுமார் 4500 டன் என்று அமெரிக்க சர்க்காரின் நிலவியல் துறை மதிப்பிட்டிருக்கிறது.

அந்தப் பாதரசம் வண்டலில் கிடந்து, நுண்ணுயிரால் கொடிய விஷமாக மாறி, மீனில் ஏறுகிறது. மீனைத் தின்கிறவர் உடம்பில் ஏறுகிறது. வயிற்றில் இருக்கும் சிசுவைக்கூடத் தாக்குகிறது. சுரங்கம் நின்று 100 வருஷத்துக்குப் பிறகும், அந்த ஆறுகளில் பிடித்த மீனை இத்தனைக்கு மேல் சாப்பிடாதே என்று சுகாதார அதிகாரிகள் எச்சரிக்க வேண்டி வந்தது. பொழுதுபோக்குக்கு மீன் பிடிக்கிறவன் மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடுவான். சோற்றுக்கு மீன் பிடிக்கிற ஏழை என்ன செய்வான்?

சுத்தம் செய்கிற செலவு யாருடையது? லாபம் வாங்கியவன் பேரன் எங்கே இருக்கிறான் என்று யாரும் தேடவில்லை. செலவு பொதுஜனங்களின் வரிப் பணத்தில். லாபம் தனியாருக்கு, நஷ்டம் ஊருக்கு! இதுதான் அந்தத் தங்கத்தின் முழுக் கணக்கு.

பூங்கா யாருடையது?

கம்பெனி கரைத்து எறிந்த மலையை, பின்னால் மாநிலம் வாங்கிப் பொதுச் சொத்தாக்கியது. காடு மெல்ல மெல்ல வளர்ந்தது. ஷேர்க்காரனின் மலை எல்லோருடைய மலையாயிற்று. இது நல்ல காரியம். நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆனால் பொதுச் சொத்தைப் பொதுச் சொத்தாக வைத்திருக்க விடுகிறார்களா? 2011ல் பட்ஜெட்டில் பணமில்லை என்று சொல்லி, கலிபோர்னியா சர்க்கார் 70 பூங்காக்களை மூடப் போவதாகப் பட்டியல் போட்டது. அதில் மாலகாஃப் டிகின்ஸும் ஒன்று. ஜனங்கள் கிளர்ந்தார்கள், நன்கொடை திரட்டினார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூடக் காசு சேர்த்துக் கொடுத்தார்கள். பூங்கா பிழைத்தது. 2012 ஜூலையில் என்ன தெரிந்தது? பணமில்லை என்ற அதே பூங்கா இலாகாவின் கணக்கில் சுமார் 5.4 கோடி டாலர், வெளியே காட்டாமல் கிடந்திருக்கிறது! ஜனங்களுக்கு என்று கேட்டால் கஜானா காலி. இந்தப் பாட்டு எந்த நாட்டுக்காரனுக்குத்தான் தெரியாது?

சரி, பூங்கா திறந்திருக்கிறது. கூடாரம் அடிக்க யாரால் போக முடிகிறது? அமெரிக்காவில் தனியார் கம்பெனி தன் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு விடுமுறை தந்தே ஆக வேண்டும் என்று மத்திய சட்டம் கிடையாது. உலகத்தின் பெரும் பணக்கார நாடு அது! அதே சமவெளியில், அன்று சேறு மூடிய அதே பக்கத்தில், பழம் பறிக்கிற பண்ணைத் தொழிலாளிக்குச் சங்கம் வைத்துப் பேரம் பேசும் உரிமையை 1935ன் மத்தியத் தொழிலாளர் சட்டம் மறுத்தது. கலிபோர்னியாவில் வருஷக்கணக்கில் வேலைநிறுத்தமும் பாத யாத்திரையும் நடத்தித்தான் 1975ல் மாநிலச் சட்டத்தின் மூலம் அந்த உரிமையைப் பெற்றார்கள். மலை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தால் போதுமா? அங்கே போக ஒரு நாள் லீவும், அந்த நாளுக்குக் கூலியும் வேண்டாமா?

காடும் மலையும் எல்லோருக்கும் சொந்தம் என்று பலகையில் எழுதினால் அது பாதி உரிமை. அங்கே போவதற்கு ஓய்வும் கூலியும் கிடைத்தால்தான் முழு உரிமை.

பலகையில் என்ன எழுத வேண்டும்?

“எல்லாம் சரி, பழைய கதையைக் கிளறி என்ன லாபம்? போனவர்கள் நிம்மதியாக ஓய்வெடுத்துவிட்டு வரட்டுமே” என்று சிலர் சொல்லலாம். ஓய்வெடுக்கட்டும். நாம் யாருடைய கூடாரத்தையும் பிடுங்கச் சொல்லவில்லை. ஓடையில் தட்டு வைத்து விளையாடும் குழந்தையிடம் தட்டைப் பறிக்கவும் சொல்லவில்லை. அந்தக் குழந்தைக்கு உண்மையைச் சொல்லுங்கள் என்கிறோம். தட்டுக்காரன் குபேரன் ஆனான் என்று கேட்டு வளர்கிற பிள்ளை, நாளை தன் ஊர் ஆற்றை ஒரு கம்பெனி நாசமாக்கும்போது, ‘வளர்ச்சி’ என்று கை தட்டும். உண்மை கேட்டு வளர்கிற பிள்ளை, “லாபம் யாருக்கு, சேறு யாருக்கு?” என்று கேட்கும்.

நார்த் புளூம்பீல்டு ஊருக்கு ஆரம்பத்தில் என்ன பெயர் தெரியுமா? ஹம்பக். நம் பாஷையில் சொன்னால் புரட்டு, பித்தலாட்டம். தங்கம் உண்டென்று நம்பி வந்து ஏமாந்தவர்கள் வைத்த பெயர். கௌரவமாக இல்லை என்று பிறகு மாற்றிவிட்டார்கள். அந்த ஓடைக்கு மட்டும் ஹம்பக் ஓடை என்ற பெயர் நிலைத்தது. ஏமாந்த உழைப்பாளி வைத்த பெயரே சரியான பெயர்!

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளத் தோழர்களே! கடல் கடந்த ஒரு மலையின் கதையை இவ்வளவு தூரம் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. ஆலை ஓடினால்தான் உனக்குச் சோறு என்று ஒருவனிடம் சொல்வார்கள். ஆலைதான் உன் வயலைக் கெடுத்தது, அந்தத் தொழிலாளிதான் உன் எதிரி என்று இன்னொருவனிடம் சொல்வார்கள். இரண்டையும் சொல்கிற வாய் ஒன்றுதான். யூபா ஆற்றங்கரையில் அந்த வாய் ஜெயித்தது. மலையும் போயிற்று, வயலும் போயிற்று, வேலையும் போயிற்று.

ஆற்றின் மேல்கரையில் வேலை செய்கிறவனும் கீழ்கரையில் நாற்று நடுகிறவனும் குடிப்பது ஒரே தண்ணீர். அவர்கள் ஒரே பக்கம் நின்றால், மலையைக் கரைக்க எந்தக் கம்பெனிக்கும் துணிவு வராது!